விளிம்பு மடித்துத் தைக்கும் அப்ளிக் வேலை: வகுப்பறைக்கு வேண்டிய கருவிகளும் பொருள்களும்

கைவேலை வகுப்பில் ஊசியைக் கையில் எடுத்த சில நிமிடங்களிலேயே "எனக்கு இது வராது" என்று சொல்லும் மாணவர்களை எல்லாப் பள்ளிகளிலும் காணலாம். உண்மையில் வராமல் போவது பல நேரங்களில் குழந்தையின் கைக்கு அல்ல. தடித்த ஊசி, மடிப்பு நிற்காத பாலியஸ்டர் துணி, முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் தேர்ந்த தையற்காரருக்கும் வேலை ஓடாது. ஆனால் குழந்தை கருவியைக் குறை சொல்வதில்லை. தன்னையே குறை சொல்லிக்கொள்கிறது. எனவே கைவேலை வகுப்பின் வெற்றி பாதிக்குமேல் மணி அடிப்பதற்கு முன்பே, நாம் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

விளிம்பை உள்ளே மடித்துக் கையால் தைக்கும் அப்ளிக் வேலைக்கு இது மிகவும் பொருந்தும். இதற்குத் தையல் இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். வேண்டியவை சில, அவை சரியானவையாக இருந்தால் போதும். அவற்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி, வகுப்பில் பயன்படுத்துவது எப்படி என்று இக்கட்டுரையில் காண்போம். 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்கு இது நேரடியாகப் பயன்படும். 4, 5ஆம் வகுப்புகளுக்கு எவ்வாறு எளிமைப்படுத்தலாம் என்பதும் இடையிடையே தரப்பட்டுள்ளது.

அப்ளிக் என்பது என்ன?

ஒரு துணியின்மேல் வேறொரு துணியை வடிவமாக வெட்டி வைத்துத் தைப்பதே அப்ளிக் வேலை. வெட்டிய விளிம்பை அப்படியே விட்டுச் சுற்றிலும் நெருக்கமாகத் தைப்பது ஒரு முறை. விளிம்பைச் சில மில்லிமீட்டர் உள்ளே மடித்து, தையல் வெளியே தெரியாதபடி தைப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறையில் நூல் பிரியாது. பலமுறை துவைத்தாலும் வடிவம் கெடாது. போர்வை, திரைச்சீலை, பை போன்ற நாளும் புழங்கும் பொருள்களில் இம்முறை உலகெங்கும் நிலைத்ததற்குக் காரணம் இந்த உறுதிதான்.

மாணவர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோயில் தேரிலும் மண்டபத்திலும் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திராத மாணவர் குறைவு. வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கும் இவ்வேலைக்குத் தஞ்சாவூர்ப் பகுதி பெயர் பெற்றது. ஒடிசாவில் பூரி மாவட்டத்தைச் சேர்ந்த பிப்பிலி என்ற ஊர் இக்கலைக்குப் புகழ்பெற்றது. ஜெகந்நாதர் தேரோட்டத்தின் மூன்று தேர்களுக்கும் துணி போர்த்தும் மரபில் இக்கலை வளர்ந்தது. சிவப்பும் மஞ்சளும் ஒரு தேருக்கு, சிவப்பும் பச்சையும் ஒன்றுக்கு, சிவப்பும் கறுப்பும் மற்றொன்றுக்கு என அங்கே நிறங்களும் வரையறுக்கப்பட்டவை.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' என்ற போர்வையை நம் வகுப்புக்குச் சிறந்த முன்மாதிரியாகச் சொல்லலாம். சித்தி மக்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பழைய துணிகளைக் கிழித்து எடுத்த துண்டுகளே கவந்திக்கு மூலப்பொருள். அடித்துணியின் ஒரு மூலையில் தொடங்கி, ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் விரலால் மடித்தபடியே தைத்து, ஓரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துணிகளால் ஒரு முக்கோணப் பூ. அது இல்லாமல் போர்வை நிறைவு பெறாது. இவர்களிடம் இருப்பவை ஊசி, நூல், பழந்துணி ஆகியவை மட்டுமே. எத்தனை கருவி இருந்தால் தொடங்கலாம் என்று தயங்கும் நமக்கு இதுவே விடை.

துணி: முதல் முடிவு, முக்கிய முடிவு

மடிப்பைப் பிடித்துக்கொள்ளும் துணிதான் வேண்டும். நல்ல பருத்தித் துணியை மடித்து நகத்தால் ஒருமுறை அழுத்தினால் கோடு விழுந்து நிற்கும். பாலியஸ்டர் கலந்த துணி மீண்டும் விரிந்துவிடும். இந்த நகச் சோதனையை மாணவர்களே செய்து துணிகளை இரண்டு குவியலாகப் பிரிக்கட்டும். முதல் வகுப்பின் முதல் செயல்பாடாக இதையே வைக்கலாம்.

மேலே ஒட்டும் துண்டுகளுக்கு, ரவிக்கை தைக்கும் டூ பை டூ துணி, பாப்ளின், பழைய பருத்திச் சேலை ஆகியவை ஏற்றவை. தடித்த கைத்தறித் துண்டு, ஜீன்ஸ், பட்டு, சாட்டின் ஆகியவை தொடக்கநிலைக்கு வேண்டாம். தடித்த துணி மடிப்பில் மேடு தட்டும். சாட்டின் வழுக்கும், நூலும் பிரியும். அடித்துணிக்குக் காடா துணி போதும்.

எந்தத் துணியானாலும் முதலில் துவைத்துக் காயவைக்க வேண்டும். புதுத்துணியின் கஞ்சி போகும், சுருங்க வேண்டியது சுருங்கும், சாயம் போகும் துணியும் அப்போதே தெரிந்துவிடும். அடர் சிவப்பு, நீலத் துணிகளை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள். ஒரு துண்டின் சாயம் முப்பது பேரின் உழைப்பைக் கெடுத்துவிடக்கூடும்.

துணியில் நீளவாட்டு நூல், குறுக்கு நூல், மூலைவாட்டு என மூன்று திசைகள் உண்டு. மூலைவாட்டில் இழுத்தால் துணி நெகிழும். தையற்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்வது இதைத்தான். வளைந்த காம்பு தைக்க மூலைவாட்டில் வெட்டிய பட்டைதான் வேண்டும். 2.5 செ.மீ. அகலப் பட்டையை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் ஏறத்தாழ 8 மி.மீ. அகலக் காம்பு கிடைக்கும். அது எந்த வளைவுக்கும் இணங்கிப் போகும். நேர்வாட்டில் வெட்டிய பட்டை வளைவில் சுருக்கம் விழும். இரண்டையும் வெட்டிக் கொடுத்து, வேறுபாட்டை மாணவர்களே கண்டுபிடிக்கச் செய்யுங்கள்.

ஊசியும் நூலும்

கைத்தையல் ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். மாணவர்களுக்கு 9ஆம் எண் ஊசி ஏற்றது. கை பழகியபின் 10ஆம் எண்ணுக்குப் போகலாம். வழக்கமான தையல் ஊசியைவிட எம்பிராய்டரி ஊசியின் காது நீளமாக இருக்கும். நூல் கோக்கத் திணறும் குழந்தைக்கு அதே எண்ணில் எம்பிராய்டரி ஊசி கொடுங்கள். தடித்த ஊசி துணியில் துளை விட்டுச் செல்லும். விளிம்பின் ஓரிரு இழையை மட்டும் கவ்வி வரவும் அதனால் முடியாது.

4, 5ஆம் வகுப்புகளில் பெரிய காது உள்ள சற்றுத் தடித்த ஊசியும் தளர்வாக நெய்த துணியும் கொடுத்து, ஓட்டுத் தையல் மட்டும் பழக்குவது போதும். மடிப்பு வேலையை அவர்கள் வண்ணத்தாளில் செய்து பழகலாம்.

நூல் பருத்தியாக, மெல்லியதாக இருக்கட்டும். நிறம் மேலே ஒட்டும் துண்டின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும், அடித்துணியோடு அல்ல. மாணவர்கள் அடிக்கடி மாற்றிச் செய்வது இதைத்தான். ஒரே நிறம் கிடைக்காதபோது சற்று அடர்ந்த நிறத்தை எடுக்கலாம். வெளிர் நூல் அடர் துணியில் பளிச்சென்று தெரியும்.

நூலின் நீளம் 45 செ.மீ. போதும். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை என்று அளவு சொல்லுங்கள். அடிக்கடி கோக்கச் சோம்பி நீளமாக எடுக்கும் நூல் முறுக்கிக்கொள்ளும், முடிச்சு விழும், துணியில் உரசி நைந்துபோகும். ஒற்றை நூலாகவே தைக்க வேண்டும். நூலைத் தேன்மெழுகுத் துண்டில் ஒருமுறை இழுத்து எடுத்தால் முறுக்கு குறையும்.

கத்தரிக்கோல், வார்ப்பு, குறிக்கும் பொருள்

கத்தரிக்கோல் சிறியதாக, நுனிவரை வெட்டக்கூடியதாக இருக்க வேண்டும். உள்வளைவில் 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு சிறு வெட்டுப் போட நுனியில் கூர்மை தேவை. தாள் வெட்டும் கத்தரிக்கோல் வேறு, துணி வெட்டுவது வேறு. தாள் வெட்டினால் முனை விரைவில் மழுங்கும். துணிக் கத்தரிக்கோலின் பிடியில் ஒரு சிவப்புத் துணிக் கீற்றைக் கட்டிவைத்தால் குழப்பம் வராது.

வடிவத்துக்கான வார்ப்புகளைப் பழைய எக்ஸ்ரே படம், கோப்பு உறை, அழைப்பிதழ் அட்டை ஆகியவற்றில் வெட்டலாம். மடிப்பளவு சேர்க்காமல், முடிந்த வடிவத்தின் அளவிலேயே வார்ப்பு இருக்க வேண்டும். அதைத் துணியின் நல்ல பக்கத்தில் வைத்துச் சுற்றிக் கோடிடுகிறோம். அந்தக் கோடுதான் மடிக்கும் கோடு. அதற்கு வெளியே 5 மி.மீ. விட்டு வெட்டுகிறோம்.

கோடிட வெளிர் துணிக்குக் கூரான பென்சிலும், அடர் துணிக்குத் தையல் சாக்கும் போதும். தேய்ந்த குளியல் சோப்பின் மெல்லிய துண்டும் நன்றாக எழுதும், துவைத்தால் போய்விடும். பால்பாயிண்ட் பேனா கூடாது. அதன் மை துவைக்கும்போது பரவும். கோடிடும்போது துணி நகராமலிருக்க அடியில் உப்புத்தாள் ஒன்றைச் சொரசொரப்பான பக்கம் மேலாக வையுங்கள். சிறு செலவுதான், ஆனால் கோணல் கோடுகள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

பிடித்து நிறுத்தவும் மடிக்கவும்

வெட்டிய துண்டை அடித்துணியில் நிலைநிறுத்தக் குண்டூசி பயன்படுத்தலாம். ஆனால் நூல் குண்டூசிகளில் சிக்கும், விரலிலும் குத்தும். மாணவர்களுக்குத் தற்காலிக நூலோட்டமே பாதுகாப்பானது. மடிக்கும் கோட்டுக்கு உள்ளே 1 செ.மீ. தள்ளிப் பெரிய பெரிய தையலாகப் போட்டு, வேலை முடிந்ததும் உருவிவிடலாம். மைதாப் பசையில் ஒரு துளியைத் துண்டின் நடுவில் வைத்து ஒட்டுவதும் உண்டு. ஓரத்தில் பசை படக்கூடாது, வேலை முடிந்ததும் துணியைத் துவைத்துவிட வேண்டும்.

விளிம்பை மடிக்க ஊசி முனையே கருவி. சிறுவர்களுக்கு அதைவிட எளியது பல்குச்சி. அதன் நுனியை லேசாக ஈரப்படுத்தினால் துணியைக் கவ்விப் பிடித்து உள்ளே தள்ளும்.

வட்டம் தைக்க ஒரு தனி உத்தி உண்டு. அட்டையில் வட்டம் வெட்டி, அதைவிட 5 மி.மீ. பெரிதாகத் துணி வட்டம் வெட்டுங்கள். துணியின் ஓரத்தைச் சுற்றி ஓட்டுத் தையல் போட்டு, அட்டையை நடுவில் வைத்து நூலை இழுத்தால் துணி அட்டையை மூடிச் சுருங்கும். அதன்மேல் கஞ்சித் தண்ணீர் தொட்டுத் தடவி, இரண்டு கனமான புத்தகங்களுக்கு இடையே பழைய தாள் சுற்றி ஓரிரவு வைத்துவிட்டால் மறுநாள் வட்டம் அப்படியே நிற்கும். நூலைச் சற்றுத் தளர்த்தி அட்டையை எடுத்துவிட்டுத் தைக்கலாம். இஸ்திரிப்பெட்டி தேவையில்லை.

நடுவிரலில் மாட்டும் உலோக அங்குஸ்தான் இருந்தால் நல்லது. இல்லையேல் சிறு தோல் துண்டையோ இரண்டு மடிப்புத் துணியையோ விரலில் சுற்றிக் கட்டலாம்.

30 மாணவர்களுக்கான பொருள் பட்டியல்

ஐந்து பேர் கொண்ட 6 குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு டப்பா எனக் கொள்வோம். ஒவ்வொரு டப்பாவிலும்:

- 9ஆம் எண் ஊசி 6. ஆளுக்கு ஒன்று, மாற்றாக ஒன்று.
- சிறு கத்தரிக்கோல் 2.
- மூன்று நிற நூல்கண்டு.
- பென்சில் 2, தையல் சாக் அல்லது சோப்புத் துண்டு 1.
- உள்ளங்கை அளவு உப்புத்தாள் 2.
- பல்குச்சி 5, தேன்மெழுகுத் துண்டு 1.
- ஊசி குத்திவைக்கும் சிறு பஞ்சுப் பொதி 1.

அடித்துணியாக ஒரு மீட்டர் அகலமுள்ள காடா துணி 2 மீட்டர் போதும். 22.5 செ.மீ. சதுரமாக வெட்டினால் அகலத்தில் 4, நீளத்தில் 8 என 32 சதுரங்கள் கிடைக்கும். மேல்துணிக்குச் செலவே இல்லை. அருகிலுள்ள தையற்கடைகளில் ரவிக்கைத் துணி வெட்டியதில் எஞ்சும் துண்டுகளைக் கேட்டுப் பெறலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னாலே தேவைக்கு மேல் வந்துசேரும்.

ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது கட்டாயம். வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் குழுத்தலைவர் 6 ஊசிகளையும் பொதியில் குத்திக் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அதைத் தேடி எடுத்த பிறகே வகுப்பு கலையலாம். ஊசியை வாயில் வைப்பதும் சட்டையில் குத்துவதும் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தைக்கும் முறை

முதல் வடிவமாக இலையையோ இதயத்தையோ எடுக்காதீர்கள். கூர்முனையும் உட்பள்ளமும் கடினமானவை. மென்மையான வளைவுகள் கொண்ட மாங்காய், மேகம், முட்டை வடிவங்களில் ஒன்றில் தொடங்குங்கள். பிறகு வட்டம், அடுத்து இலை, கடைசியாக இதயம் என்பதே ஏறுவரிசை.

1. கோடு அதிகம் வளையாத இடத்தில் தொடங்குக. கூர்முனையில் தொடங்கக் கூடாது.
2. தைக்கும் இடத்துக்கு முன்னால் 1 செ.மீ. அளவுக்கு மட்டும் விளிம்பைக் கோடு மறையும்படி உள்ளே மடித்துப் பெருவிரலால் பிடிக்க வேண்டும். முழு வடிவத்தையும் ஒரே நேரத்தில் மடிக்க முயன்றால் கை நிற்காது.
3. முடிச்சு மடிப்புக்குள் மறையுமாறு, மடிப்பின் விளிம்பு வழியாக ஊசியை மேலே எடுக்க வேண்டும்.
4. ஊசி வெளிவந்த இடத்துக்கு நேர் எதிரே அடித்துணியில் இறக்கி, அடியில் 2 மி.மீ. நகர்ந்து, மீண்டும் மடிப்பின் ஓரிரு இழைகளைக் கவ்வி மேலே வர வேண்டும்.
5. நூலைத் துணி சுருங்காத அளவுக்கு மட்டும் இழுக்க வேண்டும்.

வலக்கைப் பழக்கமுள்ளவர் வலமிருந்து இடமாகத் தைப்பார். இடக்கைப் பழக்கமுள்ளவர் இடமிருந்து வலமாகத் தைக்க வேண்டும். அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து செய்துகாட்டினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எளிதில் பிடிபடும். கையை மாற்றச் சொல்ல வேண்டாம்.

உள்வளைவில் மடிக்கும் கோட்டுக்கு ஓரிரு இழை முன்பு நிற்கும்படி சிறு வெட்டுகள் தேவை. வெளிவளைவில் வெட்டு வேண்டாம். வெட்டினால் ஓரம் முனை முனையாக நிற்கும். கூர்முனையில், முனை வரை தைத்து அங்கே கூடுதலாக ஒரு தையல் போட்டு, உள்ளே திரளும் துணியைச் சிறிது நறுக்கிவிட்டு, முதலில் நுனியையும் பிறகு மறுபக்கத்தையும் மடிக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று வரும் வடிவங்களில் அடியில் இருப்பதை முதலில் தைக்கிறோம். காம்பு முதலில், பூ பிறகு. பூவால் மறையும் காம்பு முனையை மடிக்க வேண்டியதில்லை.

பிழையைப் படிக்கும் பார்வை

வேலை சரியாக வராதபோது "கவனமாகச் செய்" என்பதால் பயனில்லை. பிழையே காரணத்தைச் சொல்லும். வளைவு முனை முனையாக இருந்தால் மடிப்பளவு அதிகம், 3 அல்லது 4 மி.மீ. ஆகக் குறைக்கலாம். நூல் தெரிந்தால் ஊசி அடித்துணியில் தள்ளி இறங்கியிருக்கிறது, அல்லது நூல் நிறம் பொருந்தவில்லை. அடித்துணி சுருங்கினால் நூலை இறுக்கியிருக்கிறார்கள். மடிப்பு நழுவினால் துணி பருத்தியல்ல. காரணத்தை மாணவரே கண்டுபிடிக்கும்படி கேளுங்கள். தவறு தன்னிடம் இல்லை, செய்முறையில் இருக்கிறது, அதை மாற்றலாம் என்ற அறிவு மற்றப் பாடங்களுக்கும் உதவும்.

பிற பாடங்களோடு இணைப்பு

கணக்கு: இலையின் சுற்றளவை நூல் வைத்து அளக்கலாம். சுற்றளவு 24 செ.மீ., தையல் இடைவெளி 2 மி.மீ. எனில் எத்தனை தையல்? 120 என்ற விடையைத் தைத்து முடித்து எண்ணிச் சரிபார்க்கலாம். ஹவாய்த் தீவுகளின் போர்வைகளில் துணியை எட்டாக மடித்து ஒரே வெட்டில் முழு வடிவத்தையும் எடுக்கிறார்கள். தாளில் இதைச் செய்தால் சமச்சீர்க் கோடு கண்முன் தெரியும்.

அறிவியல்: துணிகளிலிருந்து உருவிய இழைகளை ஆசிரியர் மட்டும் இடுக்கியில் பிடித்து எரித்துக் காட்டலாம். பருத்தி தாள் எரியும் மணத்தோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். நகச் சோதனையின் முடிவோடு இதை ஒப்பிடச் செய்யலாம்.

சமூக அறிவியல்: பனாமாவின் குணா இனப் பெண்கள் பல நிறத் துணிகளை அடுக்கி, மேலடுக்கை வெட்டி விளிம்பை உள்ளே மடித்துத் தைத்து, அடியிலுள்ள நிறத்தை வெளிக்காட்டும் 'மோலா' செய்கிறார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1840களிலும் 1850களின் தொடக்கத்திலும் பலர் ஆளுக்கொரு சதுரம் தைத்துச் சேர்த்த போர்வைகள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. பல சதுரங்களில் தைத்தவர் அல்லது கொடுத்தவர் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது.

வகுப்பின் போர்வை

பால்டிமோர் முறையை நாமும் பின்பற்றலாம். 30 மாணவர்களின் சதுரங்களையும் தைத்தபின் 20 செ.மீ. அளவுக்கு ஒழுங்காக வெட்டி, 1 செ.மீ. தையல் விட்டு 5 வரிசை, 6 வரிசையாக இணைத்தால் 92 செ.மீ. அகலமும் 110 செ.மீ. நீளமும் உள்ள மேல்துணி கிடைக்கும். அடியில் இரண்டு மடிப்புப் பழைய சேலை வைத்து ஓட்டுத் தையல் போட்டால் அங்கன்வாடிக் குழந்தை ஒன்று படுத்துறங்கும் போர்வை ஆகிவிடும். சதுரத்தின் மூலையில் ஒவ்வொருவரும் தம் பெயரின் முதலெழுத்தைத் தைக்கட்டும்.

மாணவர், மாணவியர் இருவருக்கும் இவ்வேலையைக் கொடுங்கள். பிப்பிலியில் தலைமுறைகளாக இதைச் செய்துவரும் தையற்காரர்களில் ஆண்களும் உண்டு என்பதையும், நம் ஊர்த் தையற்கடைகளில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதையும் எடுத்துச் சொன்னால் "இது பொம்பளைப் பிள்ளைங்க வேலை" என்ற பேச்சு தானே அடங்கும்.

மதிப்பிடும்போது முடிந்த சதுரத்தின் அழகை மட்டும் பார்க்காமல், முதல் 5 செ.மீ. தையலையும் கடைசி 5 செ.மீ. தையலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே சதுரத்தின் இரு முனைகளுக்கு இடையே குழந்தை கற்றது என்ன என்பது அங்கே எழுதியதுபோல் தெரியும். அதை அந்தக் குழந்தைக்கும் காட்டுங்கள்.